பழைய காரில் கியர்பாக்ஸ் மாற்றம்: ஒரு கேள்வியும் நான்கு விடைகளும்

தேய்ந்துபோன கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது பழைய கார்களின் உலகில் புதிய வழக்கம் அல்ல. எதைப் பொருத்துவது என்பதில்தான் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை. அமெரிக்காவில் 1960களின் மசில் கார்களை வைத்திருப்போரிடம், பழைய ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு எந்த ஆட்டோமேட்டிக்கை வைப்பது என்று இக்கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டில் அம்பாசடர், கான்டெஸா, பிரீமியர் பத்மினி ஆகிய கார்களை ஒட்டி, நான்கு வேக மேனுவல் கியர்பாக்ஸின் இடத்தில் எதை வைப்பது என்று எழுந்தது. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம்: இருந்ததையே சீரமைப்பது, அதே நிறுவனத்தின் பிற்கால ஐந்து வேக கியர்பாக்ஸைப் பொருத்துவது, கியர்பாக்ஸைத் தொடாமல் ஓவர்டிரைவோ ஆக்சில் விகித மாற்றமோ செய்வது, ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே வலுவிழக்கிறது என்பதைத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துச் சாலைகளைப் பின்புலமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கேள்வியின் அடிப்படை: விகிதக் கணக்கு

இன்ஜின் நன்றாக இழுக்கும் சுழற்சி வேகம் ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கியது. சக்கரமோ நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை சுழல வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதே கியர்பாக்ஸின் வேலை. முதல் கியரில் இன்ஜின் பலமுறை சுழலச் சக்கரம் சிறிதளவே நகரும், இழுவிசை மிகும். பழைய நான்கு வேக கியர்பாக்ஸ்களில் டாப் கியர் பெரும்பாலும் 1:1. அதாவது இன்ஜின் சுழலும் அதே வேகத்தில் புரொப்பல்லர் ஷாஃப்டும் சுழலும். அதன்பின் கிரவுன் வீலும் பினியனும் அந்த வேகத்தை மேலும் குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். இந்தக் குறைப்பின் அளவான ஆக்சில் விகிதம் 4.5 என்றும், டயர் ஒரு சுற்றில் 2.05 மீட்டர் நகர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 1:1 டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,930 முறை சுழலும். 100 கிலோமீட்டரில் அது சுமார் 3,660 ஆகும். டாப் கியரின் விகிதம் 0.8 ஆக இருந்தால் 100 கிலோமீட்டரிலும் இன்ஜின் 2,930 சுற்றுகளிலேயே நிற்கும். 1க்குக் குறைவான இத்தகைய விகிதத்தையே ஓவர்டிரைவ் என்கிறார்கள். கியர்பாக்ஸ் மாற்றம் பற்றிய விவாதத்தில் பெரும்பகுதி, ஓசையும் எரிபொருள் செலவும் தேய்மானமும் சார்ந்த இந்த 700 சுற்று வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

கார்களும் சாலையும்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரித்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது. நெடுங்காலம் அதில் இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி வரிசையைச் சேர்ந்த 1,489 சிசி இன்ஜின். திறன் சுமார் 50 குதிரைத்திறன். அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் உடலமைப்பைக் கொண்டது. நீண்ட முகப்பும் அகன்ற உடலும் இருந்ததால் இந்தியாவின் மசில் கார் என்ற பெயரை ஆர்வலர்களிடம் பெற்றது. ஆயினும் தொடக்கத்தில் அதற்குள் இருந்தது அம்பாசடரின் அதே 1,489 சிசி இன்ஜின்தான். இந்தக் குறை 1980களின் பிற்பகுதியில் இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து வேக கியர்பாக்ஸும் வந்தபின்பே தீர்ந்தது. கான்டெஸாவின் தயாரிப்பு 2002இல் நின்றது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. சென்னையை அடுத்து கிராண்ட் சதர்ன் ட்ரங்க் (ஜிஎஸ்டி) சாலையில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வேன்கார்டு, ஹெரால்டு, கஸல் ஆகியவற்றுக்குப் பின் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டது. பிரிட்டனில் ரோவர் எஸ்டி1 என விற்ற காரின் உடலமைப்பு அது. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜினும் கிடைத்தது. இங்கே வேன்கார்டு காலத்து நான்கு சிலிண்டர் இன்ஜினே பொருத்தப்பட்டது.

அந்த ஆலையைக் கடந்து தெற்கே செல்லும் ஜிஎஸ்டி சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கும், மற்றொன்று விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் போகிறது. செஞ்சி, திருவண்ணாமலை செல்லும் சாலை மேற்கே திரும்புகிறது. பழைய கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இத்தடத்தில் இருவழிச் சாலையே இருந்தது. ஊர்களின் நடுவே புகுந்து, பேருந்துக்கும் மாட்டு வண்டிக்கும் ஒதுங்கிச் செல்லும் பயணத்தில் மூன்றாம் கியரும் நான்காம் கியரும் மாறி மாறிப் பயன்பட்டன. நான்குவழிச் சாலையும் புறவழிகளும் வந்தபின் சமதளத்தில் 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது இயல்பாகிவிட்டது. அதே கார் விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பு போன்ற இடங்களில் ஊர்ந்தும் செல்ல வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டும் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கியர்பாக்ஸ் பற்றிய எந்த விடையையும் சீரான வேகம், ஊர்தல், வெப்பம் ஆகிய இம்மூன்று நிலைகளிலும் சோதித்துப் பார்ப்பது பொருத்தம்.

அமெரிக்க முன்னுதாரணம்

ஓல்ட்ஸ்மொபீல் 1940ஆம் ஆண்டு மாடல்களில் வந்த ஹைட்ரமேட்டிக், பெருமளவில் விற்பனையான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாகக் கருதப்படுகிறது. செவ்ரோலே 1950இல் இரண்டு வேக பவர்கிளைடைக் கொண்டுவந்தது. பான்டியாக் ஜிடிஓ 1964இல் மசில் கார் அலையைத் தொடங்கிவைத்தபின், வலுவான மூன்று வேக ஆட்டோமேட்டிக்குகள் நிலைபெற்றன. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ரமேட்டிக் 400, 350, ஃபோர்டின் சி4, சி6, கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றின் டாப் கியர் 1:1. பெட்ரோல் மலிவாக இருந்தவரை அது குறையாகத் தோன்றவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையை மாற்றியது. ஃபோர்டின் ஏஓடி 1980இலும், ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் 1981இலும், 700ஆர்4 1982இலும் ஓவர்டிரைவுடன் வந்தன. பழைய கார்களில் இவற்றைப் பொருத்தும் வழக்கம் அதன்பின் பரவியது. டர்போ ஹைட்ரமேட்டிக் 350இன் விகிதங்கள் 2.52, 1.52, 1.00. 700ஆர்4இன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. பின்னது முதல் கியரில் சுமார் 21 விழுக்காடு கூடுதல் இழுவிசையும், டாப் கியரில் 30 விழுக்காடு குறைவான இன்ஜின் சுழற்சியும் தருகிறது.

அங்கும் எதிர்வாதங்கள் எழுந்தன. 700ஆர்4இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது விகிதம் ஏறக்குறைய பாதியாகச் சரிவதால் இன்ஜின் தன் வலுவான எல்லையிலிருந்து கீழே விழுகிறது என்பது ஒன்று. அதன் நீளம் 350ஐவிடச் சுமார் 3 அங்குலம் கூடுதல் என்பதால் தாங்கு சட்டத்தை நகர்த்தவும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறுக்கவும் வேண்டும் என்பது மற்றொன்று. 200-4ஆரின் நீளம் 350ஐ ஏறக்குறைய ஒத்திருப்பதால் சிலர் அதையே விரும்பினர். 700ஆர்4, 200-4ஆர் இரண்டிலும் ஆக்சிலரேட்டரின் நிலையைக் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் த்ராட்டில் வால்வு கேபிள் சரியாக அமையாவிட்டால் உள்ளழுத்தம் குறைந்து கிளச் தகடுகள் விரைவில் கருகும். 1993இல் வந்த 4எல்60இ அந்தக் கேபிளை நீக்கியது. பதிலுக்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்பட்டது.

இந்த முன்னுதாரணத்தை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்கக் கார்களில் 5 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின்கள் இருந்தன. பழையதும் புதியதும் ஒரே நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக்குகளாக இருந்தன. உள்நாட்டில் உதிரிபாகம் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை முடிவுக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் இந்தியாவை விட்டு வெளியேறின. மசில் கார் காலத்து அமெரிக்கக் கார்கள் அதனால் இங்கு மிகச் சிலவே வந்தன.

முதல் நிலைப்பாடு: இருந்ததையே சீரமைப்பது

இதன் வேர் இரண்டு. ஒன்று, பழைய வாகனங்களை வரலாற்றுச் சான்றாகப் பார்க்கும் நோக்கு. பழங்கால வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், மாற்றங்களைக் குறைந்த அளவில், பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய வகையில், பதிவு செய்து மேற்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது. மற்றொன்று முற்றிலும் நடைமுறை சார்ந்தது. அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கு மேல் டாக்சியாகவும் அரசு வாகனமாகவும் ஓடியதால் அதன் கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் உருவாயினர். பேரிங், சிங்க்ரோ வளையம், லே ஷாஃப்ட், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலான ஓசையும் கியர் நழுவுதலும் தீர்ந்துவிடும்.

இதன் குறை, பழுது நீங்கினாலும் வடிவமைப்பின் எல்லை நீங்காது என்பதே. பிஎம்சி வழிவந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கார் முழுமையாக நிற்கும் முன் முதல் கியருக்குப் போனால் பற்கள் உரசும். ஸ்டீயரிங் தண்டில் கியர்க் கம்பி உள்ள பழைய கார்களில் இணைப்புக் கம்பிகளின் தேய்மானமும் சேர்ந்து கியர் சிக்கிக்கொள்வதுண்டு. 1:1 டாப் கியரும் அப்படியே இருப்பதால் நான்குவழிச் சாலையில் இன்ஜினின் இரைச்சல் குறையாது. புதிய கியர்ச் சக்கரங்களின் வரத்து குறைந்து, பழைய கார்களிலிருந்து கழற்றியவையே கிடைக்கும் நிலையில், சீரமைப்பின் தரம் கையில் கிடைக்கும் பாகத்தின் தேய்மானத்தைப் பொறுத்தே அமைகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: பிற்கால ஐந்து வேக கியர்பாக்ஸ்

இந்த விடையை முதலில் தந்தவர்கள் கார் நிறுவனத்தாரே. கான்டெஸாவில் வந்த இசுசு இன்ஜினையும் ஐந்து வேக கியர்பாக்ஸையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கும் கொண்டுவந்தது. ஒரே உடலமைப்பில் நிறுவனமே பொருத்தி விற்றதால், தாங்குசட்டம், புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்க் கம்பிக்கான தரைத் திறப்பு ஆகியவை நிறுவன அளவிலேயே தீர்க்கப்பட்டிருந்தன. பழைய அம்பாசடரை மாற்ற விரும்பியவர்களுக்கு, இசுசு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுத்துப் பொருத்துவது இயல்பான வழியாயிற்று. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தை இத்தகைய இணைகளுக்கு நெடுங்காலமாக ஒரு வாயில். பத்மினியிலும் இதற்கு ஒப்பான போக்கு உண்டு. நிசான் வழிவந்த இன்ஜினைக் கொண்ட பிரீமியர் 118என்இ 1985இல் வந்தபின் அதன் பாகங்களைப் பழைய பத்மினியில் பொருத்தும் பழக்கம் தோன்றியது.

இந்நிலைப்பாட்டின் வலு அதன் நீண்ட சோதனைக் காலம். ஐந்தாம் கியர் நெடுஞ்சாலைக்கும், எல்லா முன்னோக்குக் கியர்களுக்குமான சிங்க்ரோமெஷ் ஊருக்குள் ஓட்டுவதற்கும் உதவுகின்றன. எண்ணெய்க் குளிர்விப்பானோ மின்னணுக் கட்டுப்பாடோ தேவையில்லை.

குறைகள் மூன்று. முதலாவது, பிஎம்சி இன்ஜினை வைத்துக்கொண்டு இசுசு கியர்பாக்ஸை மட்டும் பொருத்த வேண்டுமானால் பெல் ஹவுசிங்குக்கு இடைத்தகடு வார்த்துக் கடைய வேண்டும். இரண்டாவது, இன்ஜினையும் மாற்றினால் அது சட்டப்படி வேறு வகை மாற்றமாகிவிடுகிறது. மூன்றாவது, இந்தக் கியர்பாக்ஸ்களும் இப்போது பழையவை. கான்டெஸா நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முதல் நிலைப்பாட்டைப் பாதித்த உதிரிபாகத் தட்டுப்பாடு இதையும் தொடரும் என்று எதிர்பார்க்கலாம்.

மூன்றாம் நிலைப்பாடு: ஓவர்டிரைவும் ஆக்சில் விகிதமும்

கியர்பாக்ஸைக் குற்றவாளியாகக் கருதாமல் ஒட்டுமொத்த விகிதத்தைத் திருத்தினால் போதும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. இது பிரிட்டனில் தோன்றியது. லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் என்ற துணைப்பெட்டி கியர்பாக்ஸின் பின்புறத்தில் பொருந்தி, மின்சுவிட்சைத் தட்டியதும் விகிதத்தை 0.8 அளவுக்குக் குறைத்தது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு வேன்கார்டுக்கும், அம்பாசடரின் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிபி காருக்கும் இது விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. மூல கியர்பாக்ஸும் முதல் மூன்று கியர்களின் இழுவிசையும் கெடாமல் இருப்பது இதன் சிறப்பு. இந்தியாவில் இத்தகைய பெட்டிகள் அரிது என்பதும், இறக்குமதி செய்தாலும் கியர்பாக்ஸின் வெளியேற்று ஷாஃப்டை மாற்ற வேண்டும் என்பதும் இதன் தடைகள்.

எளிய மாற்று வழி, உயர்ந்த வேகத்துக்கேற்ற கிரவுன் வீல், பினியன் இணையைப் போடுவது. மேற்சொன்ன கணக்கில் ஆக்சில் விகிதத்தை 4.5இலிருந்து 3.9க்கு இறக்கினால் 100 கிலோமீட்டரில் இன்ஜின் சுழற்சி சுமார் 3,170 ஆகும். ஆனால் ஆக்சில் விகிதம் எல்லா கியர்களையும் சேர்த்தே பாதிக்கும். முதல் கியரின் இழுவிசை சுமார் 13 விழுக்காடு குறையும். ஐந்து பேரும் சுமையும் ஏற்றிய 50 குதிரைத்திறன் கார், மேம்பாலச் சரிவில் நின்று கிளம்பும்போது கிளச் அதிகம் நழுவித் தேயும். ஸ்பீடோமீட்டரும் தவறாகக் காட்டும். சமதளத்தில் பெரும்பாலும் ஓடும் காருக்கு மட்டுமே இவ்வழி ஏற்றது. டயரின் அளவைப் பெரிதாக்குவதும் இதே விளைவையும் இதே குறையையும் தருகிறது.

நான்காம் நிலைப்பாடு: ஆட்டோமேட்டிக்

இந்திய ஓட்டுநர் ஒருகாலத்தில் ஆட்டோமேட்டிக்கை ஆடம்பரமாகவே கண்டார். அந்நிலை மாறியதற்குக் காரணம் புதிய கார்கள். 1990களின் பிற்பகுதியில் மாருதி ஜென் போன்ற சிறிய கார்களில் ஆட்டோமேட்டிக் வந்தது. 2014இல் செலெரியோவுடன் வந்த ஏஎம்டி என்னும் தானியங்கி மேனுவல் கியர்பாக்ஸ் அதை நடுத்தரக் குடும்பங்களுக்கும் கொண்டுசேர்த்தது. முழங்கால் வலியால் கிளச் மிதிக்க இயலாத முதியவர்களும், இடது காலில் குறைபாடு உள்ளவர்களும் பழைய காரைத் தொடர்ந்து ஓட்ட விரும்பினால் ஆட்டோமேட்டிக் வசதி தேவையாகிறது. ஊர்ந்து செல்லும் போக்குவரத்திலும் அதன் பயன் மறுக்க முடியாதது. டார்க் கன்வர்ட்டர், கார் நின்ற நிலையில் இன்ஜின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரு மடங்காக்குவதால் கிளம்பும்போது இழுவையும் மிகும்.

இதற்கு முன்னுதாரணமே இல்லை என்று கூற முடியாது. அம்பாசடரின் நெருங்கிய உறவான ஆஸ்டின் ஏ60 கேம்பிரிட்ஜும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஆறாம் வரிசையும் 1960களில் போர்க் வார்னர் 35 ஆட்டோமேட்டிக்குடன் கிடைத்தன. எம்ஜிபியிலும் அது 1967 முதல் 1973 வரை இருந்தது. கான்டெஸாவின் மூலமான வாக்ஸ்ஹால் காருக்கும், ரோவர் எஸ்டி1க்கும் ஆட்டோமேட்டிக் விருப்பத் தேர்வு உண்டு. உடலமைப்பின் இடவசதி தடையாக இருந்ததில்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் அக்கார்களில் இன்ஜின்கள் பெரியவை: ஏ60இல் 1,622 சிசி, எம்ஜிபியில் 1,798 சிசி. அந்த அளவிலும் மேனுவல் கார்களைவிட ஆட்டோமேட்டிக் கார்கள் மந்தமாகவே இருந்தன. கன்வர்ட்டரின் நழுவலும் எண்ணெய்ப் பம்பும் உறிஞ்சும் ஆற்றலை 1,489 சிசி இன்ஜினால் எளிதில் ஈடுகட்ட முடியாது. ஆகவே இந்நிலைப்பாட்டின் முதல் தடை இன்ஜினில்தான் இருக்கிறது.

இரண்டாவது தடை கியர்பாக்ஸ் கிடைக்கும் இடம். இந்தியாவில் விற்ற ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர விசை கொண்டவை. அவற்றில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காக அமைந்து, டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பின்சக்கரக் காரின் நெடுவாட்டு அமைப்பில் அவை பயன்படா. நெடுவாட்டு ஆட்டோமேட்டிக்குகள் மெர்சிடிஸ் போன்ற உயர்விலைக் கார்களிலும், ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற பெரிய வாகனங்களிலும்தான் கிடைக்கின்றன. அவை கனமானவை; புதியவை எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டை நம்பியிருப்பவை. கார்புரேட்டர் இன்ஜினில் அத்தகைய கியர்பாக்ஸ் இயங்க வேண்டுமானால் ஆக்சிலரேட்டர் நிலை, வேகம் ஆகியவற்றுக்கான சென்சார்களும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது தடை வெப்பம். கன்வர்ட்டரில் நழுவும் ஆற்றல் அனைத்தும் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது. இயல்பாக 80 முதல் 90 டிகிரி அளவில் இருக்க வேண்டிய எண்ணெய் 120 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆயுள் விரைவாகக் குறைகிறது. கோடைக்காலத்தில் ஊர்தலையே இயல்பாகக் கொண்ட சாலையில், பழைய ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் குழாய் விட்டுக் குளிர்விப்பது மட்டும் போதாது. தனிக் குளிர்விப்பானும் விசிறியும் வேண்டியிருக்கும்.

அன்றாடப் பழக்கங்களும் மாற வேண்டும். பேட்டரி இறங்கிய காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் இயலாது. இன்ஜின் ஓடாமல் பின்சக்கரங்கள் சாலையில் உருள இழுத்துச் சென்றால், பம்ப் சுழலாததால் உள்ளே எண்ணெய் பாயாமல் தேய்மானம் ஏற்படும். இறக்கத்தில் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும் தன்மையும் குறைவதால், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசடரில் பிரேக்கின் மீது சுமை கூடும்.

இடைநிலை விடையாகக் கிளச்சை மட்டும் வெற்றிடத்தாலோ மின்மோட்டாராலோ இயக்கும் முறை உண்டு. 1950களில் பிஎம்சி குழுமத்தின் சில கார்களில் மேனுமேட்டிக் என்ற பெயரில் இது இருந்தது. கிளச் பெடல் நீங்கிவிடும். கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் அப்படியே இருப்பதாலும், பழைய நிலைக்குத் திரும்ப முடிவதாலும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு இது முழு ஆட்டோமேட்டிக்கைவிட எளிய வழியாகத் தோன்றுகிறது. நீண்டகால உழைப்பில் அதன் நம்பகத்தன்மை பொருத்தும் தரத்தைப் பொறுத்தது.

எல்லா மாற்றங்களுக்கும் பொதுவான சிக்கல்கள்

எந்த கியர்பாக்ஸைத் தேர்ந்தாலும் சில வேலைகளைத் தவிர்க்க முடியாது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். லேத் பட்டறையில் செய்யும் இடைத்தகட்டில் மயிரிழை விலகினாலும் பேரிங் ஓசையும் கிளச் அதிர்வும் தோன்றும். கிராங்கின் முனையிலுள்ள ஸ்பிகாட் புஷ் புதிய ஷாஃப்டின் விட்டத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ஃப்ளைவீலுக்குப் பதில் மெல்லிய நெகிழ்தகடு வருவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் பற்களின் இடமும் மாறும். பார்க், நியூட்ரல் நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் இணைப்பதும் பாதுகாப்புக்கு அவசியம்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறினால் அதை வெட்டி ஒட்டிச் சமநிலைப்படுத்த வேண்டும். இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்டுகளின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக இல்லையெனில் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு எழும். மாற்றத்துக்குப்பின் கியர்பாக்ஸின் மேல் சுமத்தப்படும் பழிகள் பலவும் உண்மையில் இந்தக் கோணப் பிழையிலிருந்தே வருகின்றன. ஒப்பீடுகளில் கியர்பாக்ஸின் இயல்பையும் பொருத்திய தரத்தையும் பிரித்துப் பார்க்காததால்தான் எதிரெதிரான முடிவுகள் புழங்குகின்றன.

சட்டத்தின் பார்வை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் நிறுவனத்தின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு இதைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

இன்ஜின் எண், சேசிஸ் எண், சிசி, எரிபொருள் ஆகியவை பதிவுச் சான்றிதழில் இருப்பவை. ஆகவே இசுசு இன்ஜினுடன் சேர்த்துச் செய்யும் மாற்றத்துக்கு திண்டிவனம் அல்லது விழுப்புரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதியும் பதிவும் தேவைப்படும். கியர்பாக்ஸ் எண் வழக்கமான விவரங்களில் இடம்பெறுவதில்லை. அதனால் கியர்பாக்ஸை மட்டும் மாற்றுவது குற்றமற்றது என்று சிலர் வாதிடுகின்றனர். நிறுவனத்தின் மூல வடிவமைப்பே அளவுகோல் என்று கொள்வோர் இதை ஏற்பதில்லை. 15 ஆண்டுகள் கடந்த தனியார் வாகனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், இந்த ஐயம் வெறும் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

2021இல் வந்த விதிகள் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களை விண்டேஜ் வகையாகப் பதிய வழி செய்தன. சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. கியர்பாக்ஸ் அங்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 1970களின் தொடக்கத்து அம்பாசடருக்கு இவ்வாய்ப்பு இப்போதே உண்டு; 1984இல் வந்த கான்டெஸாவுக்கு 2034 வரை இல்லை. இந்த வகையில் பதிந்த வாகனம் கண்காட்சி, அணிவகுப்பு போன்ற தேவைகளுக்கே சாலைக்கு வரலாம் என்பதால், அதற்கு ஐந்தாம் கியரின் தேவையே குறைந்துவிடுகிறது.

மதிப்பீடு

நான்கு விடைகளும் உண்மையில் நான்கு வெவ்வேறு தேவைகளுக்கான விடைகள் என்று கொள்வதே இதுவரையான அனுபவத்தோடு பொருந்துகிறது. வரலாற்று மதிப்பை நோக்கமாகக் கொண்ட, குறைவாக ஓடும் காருக்கு மூல கியர்பாக்ஸைச் சீரமைப்பதை மறுக்க வலுவான காரணம் இல்லை. நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் அம்பாசடருக்கும் பழைய கான்டெஸாவுக்கும் நிறுவனமே சோதித்த ஐந்து வேக இணை மிகுந்த சான்றுகளைக் கொண்டிருக்கிறது. ஆக்சில் விகித மாற்றம் செலவு குறைந்தது. ஆனால் சுமையேற்றிய பயணத்தில் அதன் விலை கிளச்சில் தெரியும். ஆட்டோமேட்டிக்கை இசுசு 1.8 அல்லது அதனினும் வலுவான இன்ஜின், தனி எண்ணெய்க் குளிர்விப்பு, மேம்பட்ட பிரேக் ஆகியவற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவையின்றி 1,489 சிசி இன்ஜினோடு இணைப்பதற்கு ஆதரவான வாதம் பலவீனமானது.

தேர்வின் வரிசையும் கவனத்துக்குரியது. கையில் கிடைத்த கியர்பாக்ஸிலிருந்து தொடங்கி மற்றவற்றை அதற்கேற்ப வளைப்பதே பட்டறைகளில் வழக்கமாக இருந்துவருகிறது. கார் ஓடப்போகும் சாலை, இன்ஜினின் முறுக்குவிசை, ஆக்சில் விகிதம் ஆகியவற்றை முதலில் முடிவுசெய்து கியர்பாக்ஸை இறுதியில் தேர்வது தோல்விகளைக் குறைக்கும் எனக் கருத இடமுண்டு.

தீராத கேள்விகள் மூன்று எஞ்சுகின்றன. பிற்கால ஐந்து வேக கியர்பாக்ஸ்களும் அருகிப்போகும்போது இரண்டாம் நிலைப்பாட்டின் இடத்தை எது நிரப்பும் என்பது ஒன்று. கியர்பாக்ஸை மட்டும் மாற்றுவது 52ஆம் பிரிவின் பொருளில் மாற்றமா என்பது மற்றொன்று. இதில் தெளிவான அறிவிப்பு வந்தால் உரிமையாளரும் ஆய்வாளரும் ஒருசேரப் பயன்பெறுவர். மூன்றாவது, கியர்பாக்ஸே தேவைப்படாத மின்மோட்டார் மாற்றம் பழைய கார்களுக்கும் பரவினால் இந்த விவாதம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது. அப்போது விகிதக் கணக்கின் சிக்கல் பெருமளவு மறையும். காரின் மூல வடிவத்தில் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வியோ இப்போதைவிடக் கூர்மையாகும்.